மாமாவை எதிர்க்க ஆள் வந்த நாள்

எங்கள் மாமா குத்துச்சண்டையில் வாங்கிய மெடல்கள் எல்லாம் சிதம்பரத்து வீட்டில் டிவிக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் முதல் பரிசு. அவற்றில் ஒன்றுக்காகக்கூட அவர் யாரையும் குத்தியதில்லை என்பதை, நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. அந்த உடம்புக்கு ஹெவிவெயிட் பிரிவில்தான் பெயர் கொடுக்க முடியும், எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவுக்கு வேறு ஆளே கிடையாது. கையுறை மாட்டிக்கொண்டு மேடையேறுவார். எதிர்மூலை காலியாக இருக்கும். நடுவர் அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். இறங்கி வந்து பிரியாணி சாப்பிடுவார். அம்மா இதையே வேறு விதமாகச் சொல்வாள். தம்பி பேரைக் கேட்டதுமே வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுகிறார்களாம். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் ஊதிச் சொன்னேன்.

பயிற்சியும் அப்படித்தான். கூடப் பழகும் பையன்கள் எல்லாம் நோஞ்சான்கள். அவர்களைத் தொட்டுத் தொட்டுத்தான் கையை எடுக்க வேண்டும், அழுத்தக் கூடாது என்பது கோச்சின் கண்டிப்பான உத்தரவு. முழு பலமும் மணல் மூட்டைக்கு மட்டும். மூட்டை கிழியும்போதெல்லாம் கோச் பூரித்துப்போவார். இப்படி ஒரு கை நம்ம ஜில்லாவில் பிறந்ததே இல்லை என்பார்.

நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் இருந்தோம். லீவு விட்டால் சிதம்பரம்தான். பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் மாமா, நான் இறங்கியதும் வலது கையை நீட்டுவார். அதைக் கட்டிப்பிடித்துத் தொங்கினால், வீடு போய்ச் சேரும்வரை என் கால் தரையில் படாது.

அந்த வருஷம் போட்டி கடலூரிலேயே நடந்தது. ஜெயித்தால் மாநில அணிக்கான முகாம், அங்கே தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை. ஆனால் இந்த முறை காலி மூலையை ஜெயித்தால் செல்லாது, நிஜமாகவே சண்டை போட்டு ஜெயிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எதிரில் நிற்க ஒரு ஆளும் கிடைத்துவிட்டார். பண்ருட்டி மண்டியில் பலாப்பழ லோடு ஏற்றுகிறவர். மாமா அளவுக்கே தடிமன். ஆட்டம் பழகி ரொம்ப நாள் ஆகவில்லை என்பது, அவர் ஜனங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்ததிலேயே தெரிந்தது.

அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார். மணி அடித்தது. மாமா பழக்கதோஷத்தில் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தார். கோச்சுக்குப் பொறுக்கவில்லை.

“டேய், மூட்டைய அடிக்கிற மாரி அடிடா.”

மாமா அடித்தார். லாரியிலிருந்து பலாப்பழம் விழுந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி ஒரு சத்தம். அந்த மனிதர் மல்லாந்து கிடந்தார். வாய்க்குள் மாட்டியிருந்த ரப்பர் கவசம் தனியாகத் தெறித்து, கயிற்றுக்கு வெளியே என் காலடியில் வந்து விழுந்தது. அதில் ரத்தமும் எச்சிலும் நூலாகத் தொங்கியது. டிவியில் பார்க்கும்போது சண்டையில் எச்சில் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்தது. விழுந்தவனை விட்டுவிட்டு, அடித்தவன் ஒதுக்குப்புற மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அவன் போனால்தான் நடுவர் எண்ணத் தொடங்குவார். மாமா போகவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த ஆளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கையுறையாலேயே ரத்தத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க முகமெல்லாம் அப்பியது. நடுவர் போகச் சொன்னார். கோச் கெட்ட வார்த்தையில் திட்டினார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தது.

விதியை மீறினார் என்று மாமாவை நீக்கிவிட்டு, தரையில் கிடந்தவர் ஜெயித்ததாக மைக்கில் அறிவித்தார்கள். டாக்டர் வந்து தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தபோது, அவர் குழறிக் குழறி யார் ஜெயித்தது என்று கேட்டாராம். நீதான் என்றதும் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“கைக்கு வந்த வேலைய வுட்டுட்டியே, மச்சான்.”

மாமா தன் வலது கையை விரித்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இப்டி அடிக்கும்னு எனக்குத் தெரியாது, மாமா.”

அப்புறம் கோச் எத்தனையோ முறை சிதம்பரத்து வீட்டுக்கு நடையாக நடந்தார். மாமா கையுறையைத் தொடவே இல்லை.

அடுத்த லீவுக்குச் சிதம்பரத்தில் இறங்கியபோது மாமா வழக்கமான இடத்தில்தான் நின்றிருந்தார். ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கினேன். அவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“அம்மா கையப் புடிச்சிக்க, பாப்பா.”

தோற்றுப்போனதில் மாமாவுக்குப் பலமெல்லாம் போய்விட்டது, இனி என்னைத் தூக்க அவரால் முடியாது என்று நான் முடிவு செய்தேன். பாவமாக இருந்தது. எப்போதும் அவர் தோளில் மாட்டிவிடும் துணிப்பையை அன்று நானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மாமாவுக்குப் பக்கத்தில் நடந்தேன்.