கசந்தது எனக்கு மட்டும்

கல்முனைப் பக்கம் அரிசி மில்லொன்றில் உமித்தூசிக்குள் வேலை செய்கிறேன். எங்கள் மாஸ்க் முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க, சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு மிஸ் வந்தார். மாஸ்க்கோடு தலையை ஒரு பையால் மூடி, உள்ளே கசப்புத் தண்ணீரை ஸ்ப்ரே அடித்தார். கூட்டாளி பௌசியாவுக்குக் கசப்பே தெரியவில்லை. எனக்கு நாக்கெல்லாம் கசந்தது.

“எனக்கு மட்டும் என்னத்த அடிச்ச நீங்க?” என்றேன்.

“உனக்கு நஞ்சடிக்க என்ன சொத்துக் கிடக்குடி?” என்று பௌசியா சிரித்தாள்.

நான் நம்பவில்லை. மிஸ் அதைத் தன் நாக்கில் விட்டுக் காட்டினார்.

“மாஸ்க் பட்டிய முக்காட்டுக்கு மேல போட்டிருக்கீங்க, ராத்தா. அது வழுக்கி, ஓரத்தால காத்து போகுது.”

முக்காட்டுக்கு உள்ளே போட்டு மறுபடி அடித்தபோது கசக்கவில்லை. அந்த வழியால்தான் தூசியும் போயிருக்கிறது. நானோ இருமலுக்குக் கண்ணூறென்று ஓதிக்கொண்டிருந்தேன்.

இப்போது மாஸ்க் ஓரத்தால் காற்றுப் போகிறதா என்று ஊதிப் பார்க்காமல் மில்லுக்குள் போவதில்லை. பௌசியா ஏசினாலும் அவளுடைய பட்டியையும் இழுத்துப் பார்க்கிறேன்.