ஏழு நாள் தொடாத பிரிண்டர்

பனியன்களில் படம் பதிக்கும் கடையில் ஆறு வருடமாகப் பிரிண்டர் ஓட்டுகிறவள் அவள். தினமும் வெள்ளை மையைக் குலுக்கி, மை தெளிக்கும் ஹெட்டைக் கிளீன் செய்து, சோதனைக் கோடுகள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவாள். தங்கையின் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவில் போனபோது, முதலாளியின் மச்சானிடம் இதைத் தினமும் செய்யும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். திரும்பி வந்தால், மை காய்ந்து ஹெட் அடைத்துக் கிடந்தது.

"நீ கிளீன் பண்ணாம போயிட்ட" என்றான் மச்சான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினில் இருந்த பதிவைத் திறந்து முதலாளியிடம் காட்டினாள்.

"பாருங்க சார், கடைசியா கிளீன் பண்ணது நான்தான். அப்புறம் ஏழு நாள் யாரும் தொடல. என் தலையில கட்டாதீங்க."

ஹெட்டுக்கு அடியில் கிளீனிங் திரவம் விட்டு மாலைவரை ஊறவைத்தாள். பிறகு அடித்துப் பார்த்தாள், சோதனைக் கோடுகள் முழுதாக வந்தன.

மச்சான் மன்னிப்பை முணுமுணுத்தான்.

"காதுல விழல" என்றாள். அவன் உரக்கச் சொன்ன பிறகே வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தாள்.