உம்மாவின் ஊரில் வாப்பாவின் பெயரைக் கேட்டேன்

உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் முடிந்தது. அவர் பிறந்த சம்மாந்துறையில் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று பார்க்க இன்று பஸ் ஏறினேன்.

கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வது எங்கள் வழக்கம். உம்மாவோ வாப்பாவுடன் கல்முனைக்கு வந்துவிட்டார். அந்தக் கோபத்தில் உம்மாவின் ஆட்கள் அவரோடு கதைப்பதை விட்டார்கள்.

நாலு கடையில் வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தார்.

“வாப்பாட பேர வெச்சி இஞ்ச ஆளத் தேடேலுமா மகள்? உம்மாட குடி என்ன?”

குடி என்பது தாய் வழியில் வரும் வம்சப் பெயர். அதைச் சொல்லி விசாரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. உம்மாவின் குடியைச் சொன்னேன்.

“அப்ப நீ நம்மட புள்ள! நான் உனக்குச் சாச்சி முறை, உம்மாக்குத் தங்கச்சி மாதிரி. உம்மா எங்க?”

மௌத்தானதைச் சொன்னேன். நெல்லை இன்னும் வேகமாகக் கிளறினார். பிறகு ஏசினார்.

“மௌத்துச் செய்தியச் சொல்லி அனுப்பப்படாதா? குடியே திரண்டு வந்திருப்பமே!”

“ஓம் சாச்சி” என்று அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

உயிரோடு இருந்தவரைக்கும் உம்மாவைப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை. உயிர் போன மையித்தைப் பார்க்க எல்லாரும் வந்திருப்பார்களாம்.

உங்கள் குடியிலும் இப்படித்தானா?