அலமாரியில் இருக்கும் மிச்சக் கம்பி

நம் பட்டறை அலமாரியில் முழ நீளத்துக்கு ஓர் எவர்சில்வர் கம்பி இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள் என்று வேலை பழக வந்த உங்கள் இரண்டு பேரையும் எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். காரணம் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அரிமளத்தில் கம்ப்யூட்டர் லேத் போட்ட புதிதில் ஜெகதாப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர் வந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் படகுக்கு ஒன்று, அவர் தம்பி படகுக்கு ஒன்று, இரண்டு சுக்கான் அச்சு கேட்டார். சுக்கான் அந்த அச்சில்தான் திரும்பும். ஒடிந்தால் நடுக்கடலில் படகைத் திருப்ப முடியாது.

எவர்சில்வரில் இரண்டு ரகம் எங்களிடம் அதிகம் புழங்கும். ஒன்று கடல் தண்ணீரைத் தாங்கும், இன்னொன்று தாங்காது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. கம்பியில் ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டு நிறம் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்கு மருந்துப் புட்டி காய்ந்து கிடந்தது. நான் காந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. "நல்ல சரக்கு பாய்" என்று சொல்லிவிட்டேன். ஒரே கம்பியில் இரண்டு அச்சையும் கடைந்து கொடுத்தேன். முழ நீளம் மிஞ்சியது.

பத்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பாய் தன் அச்சைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"திருப்புனா லேசா இறுக்கிப் புடிக்குதுண்ணே. மேலாக்க ஒரு சீவு சீவிக் குடுங்க. மத்தபடி ஒங்களவிட மினுக்காத்தான் இருக்கு."

மெஷினில் மாட்டி, முடி கனத்துக்கு ஒரு வெட்டு ஓட்டினேன். எப்போதும் ஒரே சீராக இரையும். அன்றைக்கு டக், டக் என்று கேட்டது, உள்ளே இருந்து யாரோ விரலால் தட்டுவதுபோல. நிறுத்தித் துடைத்தேன். ஊசி குத்தியதுபோல ஏழெட்டுப் பொட்டுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டில் தண்ணீர் கசிந்தது. சூடு தணிய மெஷினில் ஊற்றுகிற தண்ணீர் பால் நிறம். இது கறுப்பு. துடைத்தேன். மறுபடியும் கசிந்தது. பட்டறைக்குள் கடல் வாடை வந்தது.

மெல்லிய கம்பி ஒன்றைப் பொட்டுக்குள் விட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது. வெளியே கண்ணாடி, உள்ளே புற்று.

பாய் அந்த மெல்லிய கம்பியை உருவி, எவ்வளவு ஆழம் போனது என்று பார்த்தார். பிறகு, "தம்பி இப்ப கடல்லதாண்ணே இருக்கான்" என்றார்.

போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டார். அதே குரல். கம்பியின் மிச்சத் துண்டு அலமாரியில் வெயில் பட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் கரையில் நின்றோம். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாகத் தம்பியின் படகும் வந்தது. அச்சைக் கழற்றச் சொன்னோம். தம்பி சலித்துக்கொண்டே கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மொகம் பாத்துத் தலை சீவலாம். இதுக்கா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

நான் அதை வாங்கிக் கருங்கல்லில் அடித்தேன். இரண்டாவது அடியில் ஒடிந்தது. உள்ளே ஈரமாக இருந்தது.

தம்பி ஒடிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்துலேருந்து சுக்கான் பக்கம் யாரோ தட்டுற மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றார் மெதுவாக. "மீனு முட்டுதுன்னு நெனச்சு, போ போன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

மருந்து விட்டுப் பார்த்து, வேறு கம்பியில் இரண்டு அச்சும் செய்து கொடுத்தேன். மிச்சத் துண்டை வீசவில்லை. வீசினால் யாராவது எடுப்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, நல்லது என்பார்கள்.