காலியாக இருந்த பெட்டி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். நான்கு நாள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை ஒருவர் ரம்பத்தால் அறுத்து வைத்திருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசை.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் இருந்த தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அந்தத் தெருவுக்கு நான் இஸ்திரிப் பெட்டிக்குக் காயில் மாற்றுகிறவன், அவ்வளவுதான். ஒரு நாள் மூன்று லாரிக்குச் சொந்தக்காரரான ஒரு விவசாயி, அவற்றில் புது வண்டியோடு வந்து நின்றார். கேபினில் டேப் செட் வைக்க வேண்டும், மேளச் சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும்.

“இது நல்லா இருந்தா மத்த ரெண்டு வண்டிக்கும் நீதான் தம்பி,” என்றார்.

அப்படி இடிக்கிற பேஸ் ஸ்பீக்கர் பெட்டி செய்யத் தெரிந்தவன் என்று பேர் எடுக்க எனக்குக் கிடைத்த ஒரே வண்டி அது. கேபினில் இடம் எங்கே இருக்கிறது? சீட்டுக்குப் பின்னால், படுக்கும் பலகைக்கு அடியில், ஒரு மூலை. ஓனரிடம் கேட்டேன். வைத்துக்கொள் என்றார். பக்கத்தில் டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் அளந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

பெட்டி சின்னது என்றால் வேலை பெரிது. உள்ளே அடைபட்ட காற்றுதான் ஸ்பீக்கரைப் பிடித்து நிறுத்துகிறது. அது ஊசிமுனை அளவுகூட வெளியே கசியக் கூடாது. கனமான பிளைவுட்டை அறுத்துச் சேர்த்து, இடுக்குகளில் மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பினேன். உள்ளே இலவம்பஞ்சு திணித்தேன். பாட்டை ஓடவிட்டு, ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டுக்கும் காட்டினேன். புகை நடுங்கிய இடத்தில் மறுபடி அப்பினேன். நான்காம் நாள் எங்கே காட்டினாலும் புகை நேராக எழுந்தது. ஓனர் கேபினில் உட்கார்ந்து கேட்டுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வண்டி வடக்கே போனது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. டீக்கடையில் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும்போது ஓனர் என்னைப் பிடித்தார்.

“தகர டப்பாவத் தட்டுன மாதிரி கேக்குது. இதுக்கா நாலு நாளு வண்டிய நிறுத்தி வெச்சே?”

ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஓடிப்போய் கேபினில் ஏறிப் படுக்கையைத் தூக்கினேன். என் பெட்டியின் பக்கவாட்டை அறுத்து, கீல் வைத்து, கொண்டிகூடப் போட்டிருந்தது. திறந்தால் அரிசி, புளி, வரமிளகாய், ஒரு ஸ்டவ். பஞ்சைக் காணோம். பலகைமேல் புதுத் தலையணை ஒன்று கிடந்தது.

லாரிக்காரர்கள் கேபினில் ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடமாட்டார்கள். அது தெரிந்தும் ஒன்றுமே வைக்கக் கூடாத பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான். அந்த நொடியில் அது உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ மட்டும் போகாது.

“ஏனுங்க, எதுக்குங்க அறுத்தீங்க?” என்று வண்டியோரம் நின்ற டிரைவரிடம் கத்தினேன்.

டிரைவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

“உள்ள காலியாத்தான இருந்துச்சு சாமி? நல்ல பஞ்சு வேற வீணாக் கெடந்துது. வழியில மழைங்க, அரிசி நனையுது. அரிசி வெக்கிற எடத்துலதான நீங்க பெட்டிய வெச்சீங்க. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க.”

உண்மைதான். பக்கத்தில் ஒரு பலகை அடித்து அரிசிக்கு ஒரு அறை விட்டிருக்கலாம், அரை மணி நேர வேலை. இதை அங்கேயே உணர்ந்தேன். உணர்ந்த பிறகும் இறங்கிப்போய், டீக்கடை முழுக்கக் கேட்கும்படி ஓனரிடம் சொன்னேன்: “வந்து பாருங்க, உங்க டிரைவர் பண்ணுன வேலைய.”

என் பேர் கெடக் கூடாது. அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது.

ஓனர் வந்து பார்த்தார். டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. “சாவியக் குடுத்துட்டு எறங்கு,” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. ஓனரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலுக்கவில்லை. டிரைவர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு அரிசியை, புளியை, மிளகாயை ஒவ்வொன்றாகத் துண்டில் எடுத்துவைத்துக் கட்ட ஆரம்பித்தார்.

ஓனர் என் தோளில் கை வைத்தார். “நாளைக்கு மத்த ரெண்டு வண்டியையும் அனுப்பறேன். இதே மாதிரி போட்டுரு.”

டிரைவர் இன்னும் முடிச்சுப் போட்டு முடிக்கவில்லை. அதற்குள் நான் “சரிங்க” என்று சொல்லிவிட்டேன்.