பனி தந்த ஒரு மணித்தியாலம்

அந்த மாசி மாதம் முழுக்க நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஓகூஸ் நகரத்தில் எல்லோரும் இனிப் பனி கொட்டாமல் இருந்தால் போதும் என்று இருந்தார்கள். நான் ஒருத்திதான் கொட்ட வேண்டும் என்று கிடந்தேன். அதுவும் அளவாகக் கொட்ட வேண்டும். நிறையக் கொட்டினால் பஸ் ஓடாது, என் திட்டம் பாழ். கொட்டாமல் விட்டாலும் பாழ். விடியப்புறம் தொடங்கி, சனம் வேலைக்குப் போகிற நேரத்தில் றோட்டை வழுக்கப்பண்ணி, பஸ்களையும் கார்களையும் ஊர வைக்கிற மெல்லிய பனி. அவ்வளவுதான் நான் கேட்டது.

கேட்டதற்குக் காரணம் என் தங்கச்சி. அவள்மேல் எனக்கு இருந்த பொறாமை என்று சொன்னால்தான் சரி. இப்போது இதை என்னத்துக்கு ஒளிக்க வேண்டும்?

இலங்கையில் சண்டை முடிகிற காலம் அது. எங்கள் அண்ணை அண்ணியோடும் பிள்ளைகளோடும் வன்னியில் அகப்பட்டிருந்தார். நாளுக்கு நாள் இருக்கிற இடம் சுருங்க, இவர்களும் இடம் மாறி மாறிக் கடற்கரைப் பக்கம் போயிருந்தார்கள். அங்கே யாரோ ஒருவரிடம் சற்றலைட் போன் இருந்தது. அந்த ஆள் செவ்வாயும் வெள்ளியும் அண்ணை இருந்த பக்கம் வருவார். வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு நிமிஷம். எங்கள் நேரத்துக்குக் காலை ஏழு மணிபோல் இருக்கும். எல்லாக் கிழமையும் கிடைக்காது. கிடைக்கிற அன்று அண்ணை டென்மார்க்குக்கு எடுப்பார். எடுப்பது என் தங்கச்சி வீட்டுக்கு. எனக்கு இல்லை.

தை மாதத் தொடக்கத்தில், நான் லீவில் நின்ற ஒரு நாள், எனக்கு ஒரு தரம் எடுத்தவர்தான். இரண்டு நிமிஷமும் நான் அழுதேன். 'ஏன் அண்ணை, ஏன் அண்ணை' என்று கேட்டதைத் தவிர வேறொன்றும் நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு எல்லாப் போனும் அவளுக்குத்தான். நான் காலையில் வேலைக்குப் போய்விடுவேன், அவள் வீட்டில் நிற்பாள், அதனால்தான் என்று என் புருஷன் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். பிறகு ஒரேயொரு செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னேர வேலை வந்தது. காலையில் வீட்டில் நிற்பேன், எனக்கு எடுக்கச் சொல்லு என்று தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். செவ்வாய் காலை ஆறு மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஏழேகாலுக்கு அது அடித்தது. எடுத்தால், தங்கச்சி. அண்ணை இப்போதுதான் கதைத்துவிட்டு வைத்தவராம். நீ சொன்னனியா என்று கேட்டேன். சொன்னாளாம், அவரும் சரி என்றாராம்.

அவள் சொல்லியிருக்கமாட்டாள் என்று நான் முடிவு கட்டினேன். அண்ணைக்கு அடுத்தவள் நான். இவள் பிறக்க முதல் ஏழு வருஷம் அவருக்கு நான் ஒருத்திதான் தங்கச்சி. ஆனால் அவளை அவர் 'குஞ்சு' என்பார். என்னை 'பிள்ளை' என்பார். கடையில் சாமான் வாங்க வருகிற யாரோ ஒரு பெட்டையையும் அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

சரி, கதைக்கிறாளே, உருப்படியாக ஏதாவது கேட்கிறாளா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் என்ன கதைத்தீர்கள் என்று விசாரிப்பேன்.

“சும்மா அக்கா. சினோ கொட்டுதோ எண்டு கேட்டவர். கொட்டுது எண்டன். பஸ் பிந்தின கதை சொன்னன்.”

உங்களுக்கு எப்படியோ, எனக்குத் தலை விறைத்துப்போகும். அங்கே செல் விழுந்து வெடிக்கிறது, இவள் அண்ணைக்குப் பனி கொட்டின கதையும் பஸ் பிந்தின கதையும் சொல்கிறாள். விசரி. அந்த இரண்டு நிமிஷத்தை என் கையில் தந்திருந்தால் நான் எவ்வளவு கேட்டிருப்பேன். கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கோட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சாப்பிட என்ன இருக்கிறது, பிள்ளைகளில் காயம் ஏதும் இருக்கிறதா, அண்ணியின் ஆஸ்துமாவுக்கு மருந்து கிடைக்கிறதா, வெளியே வர ஒரு வழியும் இல்லையா. மொத்தம் பதினொரு கேள்வி.

என் திட்டம் இதுதான். ஒரு செவ்வாயோ வெள்ளியோ காலை ஏழு மணிக்கு நான் தங்கச்சி வீட்டுக் குசினியில் இருக்க வேண்டும். போன் அடித்தால் வெட்கத்தைப் பாராமல் அவள் கையிலிருந்து றிசீவரைப் பறிக்க வேண்டும். ஆனால் அதே ஏழு மணிக்கு நான் வேலையில் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துணி தோய்த்துக் கொடுக்கிற இடத்தில் எனக்கு வேலை. சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலங்களுக்குப் போகிறேன் என்று மூன்று நாள் லீவு கேட்டாயிற்று. காய்ச்சல் வருத்தம் என்று இரண்டு நாள் பொய்யும் சொல்லியாயிற்று. இனிக் கேட்க எனக்கு வாய் இல்லை. எங்கள் மேற்பார்வைக்காரியோ ஐந்து நிமிஷம் பிந்தினால் கையில் கட்டியிருக்கிற மணிக்கூட்டைப் பார்க்கிற மனுஷி.

பனி கொட்டிய காலையில் மட்டும் அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் அது ஒரு வழக்கம்போல. ஒவ்வொரு வருஷமும் பனி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வந்த அன்றைக்கு, முன்னப் பின்ன அதைக் கண்டறியாத ஆட்கள் மாதிரி முழு ஊரும் தடுமாறும். ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறவர்கள் கோப்பியை ஊற்றிக்கொண்டு, எந்த ஏற்றத்தில் பஸ் ஏற மறுத்தது, எந்தச் சந்தியில் எத்தனை நிமிஷம் நின்றோம் என்று சந்தோஷமாகக் கதைப்பார்கள். ஒருவரும் ஒருவரையும் ஏன் பிந்தினாய் என்று கேட்கமாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை இரவுச் செய்தியில் வரைபடத்தின் எங்கள் பக்கத்தில் இரண்டு சின்ன நட்சத்திரம் போட்டுக் காட்டினார்கள். விடியப்புறம் மெல்லிய பனி, வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தோடு வெளிக்கிடுங்கள் என்றான் வானிலைக்காரன், ஏதோ தானே குற்றம் செய்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நான் கை தட்டினேன். என் புருஷன் சோற்றுக் கோப்பையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காலை ஐந்து மணிக்கு யன்னலைத் திறந்து பார்த்தேன். கேட்டதை அளந்து தந்ததுபோல் விழுந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினேன். அது ஊர்ந்து ஊர்ந்து போனது. நான் விரும்பிக் கேட்ட பனிதான், ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் அதைத் திட்டித் தீர்த்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

மணியை அடித்தேன். பதில் இல்லை. பிறகுதான் புத்தி வேலை செய்தது. அவள் விடியப்புறம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவள். மற்ற நாளில் ஆறரைக்குத் திரும்பிவிடுவாள். பனி என்னை மட்டுமா பிந்தப்பண்ணும், அவளையும் பண்ணும். அவளுடைய புருஷன் ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். ஒருவர் வீட்டுத் திறப்பு மற்றவரிடம் இருக்கும் எங்களுக்கு. திறந்து உள்ளே போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். தாளை எடுத்து மடியில் விரித்தேன்.

ஏழு ஐந்துக்கு அடித்தது.

தூரத்தில் இரைச்சல். அதற்குள்ளே அண்ணையின் குரல்.

“குஞ்சோ?”

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். அவளுடைய புருஷனே போனில் எங்களை மாறிக் கதைத்திருக்கிறார். இல்லை அண்ணை, இது நான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு விநாடி. நான் சொல்லவில்லை. அந்தப் பெயரால் அவர் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கேட்க ஆசையாக இருந்தது.

“ஓம் அண்ணை” என்றேன்.

“சினோ கொட்டுதோ குஞ்சு?”

மடியில் தாள் கிடந்தது. முதல் கேள்வியைப் பார்த்தேன். அதைக் கேட்டால் நான் யாரென்று பிடிபட்டுவிடும். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொட்டுது அண்ணை, அரிதட்டாலை மா அரிச்ச மாதிரி என்று தொடங்கினேன். இரண்டு பஸ் ஏற்றத்தில் மாட்டுப்பட்டு நிற்பதையும், பின்னால் கார்கள் சந்தி வரைக்கும் வரிசையாக நிற்பதையும், ஒருத்தனும் ஹோர்ன் அடிக்காமல் பொறுமையாகக் காத்திருப்பதையும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, கழுத்துப்பட்டி கட்டின ஒரு டெனிஷ்காரர் சைக்கிளோடு வழுக்கி விழுந்தார். எழும்பினார். சைக்கிளை நிமிர்த்தி, அதன் சீற்றைத் தட்டித் துடைத்து, அதைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“சைக்கிளிட்டை மன்னிப்புக் கேக்கிறார் அண்ணை” என்றேன்.

அந்தப் போனில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும். லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம். பக்கத்தில் நின்ற யாருக்கோ, சைக்கிளிட்டை மன்னிப்புக் கேட்டவனாம் என்று சொல்வதும் கேட்டது.

சிரித்து முடிந்த பிறகு சொன்னார்: “அக்காவுக்குச் சொல்லு, நான் சுகமா இருக்கிறன் எண்டு. அவளோடை கதைக்க எனக்குப் பயமாக் கிடக்கு குஞ்சு. அவள் அழுதா நானும் அழுதிடுவன். இஞ்சை பிள்ளையள் என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்குதுகள்.”

அழக்கூடாது. அழுதால் அக்கா என்று தெரிந்துவிடும்.

“சொல்லுறன் அண்ணை” என்றேன். லைன் அறுந்தது.

கால் மணித்தியாலம் கழித்துத் தங்கச்சி வந்தாள். காது இரண்டும் சிவந்து, தொப்பியில் பனி. என்னைக் கண்டதும் பயந்துபோனாள். வேலைப் பக்கம் போகிற பஸ் ஓடவில்லை, அதுதான் இங்கே வந்தேன் என்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றாமலே போனைப் பார்த்தாள்.

“அண்ணை எடுத்தவரோ அக்கா?”

“இல்லை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அண்ணை எனக்குச் சொன்னதை நானே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் பஸ்ஸில் போகும்போது அந்த ஆசையும் கசந்தது. அண்ணை சிரித்தது அவளோடு. குஞ்சு என்றது அவளை. அவர் பயந்து ஒளிக்க வேண்டிய ஆள் நான். அவள் வீட்டில் இருந்து, அவள் பெயரில் கதைத்து, அவளுடைய போனைக் களவெடுத்த பிறகும் பொறாமை எனக்குத்தான் மிஞ்சியது. வேலைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிந்திப் போனேன். மேற்பார்வைக்காரி அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எந்த ஏற்றத்தில் மாட்டுப்பட்டாய் என்று கேட்டு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணையின் போன் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தங்கச்சி காத்திருந்தாள். பேப்பர் வேலையையும் விட்டுவிட்டாள், ஏழு மணிக்குத் தவறாமல் வீட்டில் நிற்க வேண்டும் என்று. உண்மையைச் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன், சொல்லவில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது. அண்ணியும் பிள்ளைகளும் முகாமில் இருக்கிறார்கள் என்று ஆடியில் தெரியவந்தது. அண்ணை அவர்களோடு இல்லை. பங்குனியிலேயே, செல் விழுந்து.

அண்ணிக்குப் போனில் ஆற அமரக் கதைக்க வாய்த்தது மார்கழியில்தான். அவர் முதலில் எடுத்தது தங்கச்சிக்கு. அன்று பின்னேரம் தங்கச்சி எனக்கு எடுத்தாள். குரலில் ஒன்றும் இல்லை.

“அக்கா, கடைசியா என்னோடை கதைச்சிட்டு வந்து அண்ணை சிரிச்சுக்கொண்டே இருந்தவராம். ஒருத்தன் விழுந்தெழும்பி சைக்கிளிட்டை மன்னிப்புக் கேட்டவன் எண்டு பிள்ளையளுக்கு நடிச்சுக் காட்டினவராம். பிள்ளையள் இப்பவும் அந்த விளையாட்டு விளையாடுதுகளாம். நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை அக்கா.”

பனி கொட்டிய அன்று அவள் வீட்டுப் போனுக்குப் பக்கத்தில் நான் இருந்ததை அவள் மறக்கவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

“என்ன சொன்னனீங்கள் அவருக்கு? முதல்லையிருந்து சொல்லுங்கோ.”

சொன்னேன். மா அரித்ததுபோல் கொட்டிய பனியை, ஏற்றத்தில் நின்ற பஸ்களை, ஹோர்ன் அடிக்காத கார்களை, கழுத்துப்பட்டி கட்டின மனுஷனை. அண்ணை சிரித்த இடம் வந்ததும் அவள் அழத் தொடங்கினாள். அண்ணை என்னைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுப் போனை வைத்தாள்.

மூன்று கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் காலை அவளே எடுத்து, இன்றைக்குச் சினோவாம், நேரத்தோடு வெளிக்கிடுங்கோ அக்கா என்றாள். நானாக இருந்தால் மூன்று வருஷம் கதைத்திருக்கமாட்டேன்.