ஆறாவது ஆள்

நம்பாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். யாரையும் நம்பவைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. போன பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், முந்நூறு பேர் கண்ணெதிரே நடந்தது இது. முந்நூறு பேரும் கையில் உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் எதையும் பார்க்கவில்லை. எங்கள் டெல்வின் ஊர்க்காரர்களின் லட்சணம் அவ்வளவுதான்.

நான் வெர்ன். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கில் வெளியூர் அணியின் தண்டனைக் கூண்டுக்குக் கதவு திறப்பவன். பதினொரு வருஷமாக. தப்பாட்டம் ஆடியவன் வந்து இரண்டு நிமிஷம் உட்காருவான். சூரியகாந்தி விதையைக் கொறித்து என் காலடியிலேயே துப்புவான். நேரம் முடிந்ததும் கதவைத் திறப்பேன், பாய்ந்து ஓடுவான். கூட்டிப் பெருக்குவது நான். இந்த ஜூனியர் லீக்கில் ஆடுகிற ஒவ்வொரு பயலுக்கும் நாளைக் காலையில் பெரிய அணி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்போகிறது என்று நினைப்பு. அழைத்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு வந்தது மார்ஷ் ஹில் அணி. அதன் கோச் லைல் ஸ்டாட்னிக், வயது ஐம்பத்தெட்டு, வாய் மட்டும் எண்பதுக்கு. பதினொரு சீசனில் அந்த மனுஷன் டெல்வின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எங்கள் ஊர் ஆட்டம் என்றாலே முதுகுவலி வந்துவிடும், உதவியாளரை அனுப்பிவிடுவார். இந்தத் தடவை வேறு வழியில்லை. சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, இல்லையென்றால் வேலைக்கு வேட்டு. வந்தார்.

அவர் அணியில் ரைலன் என்றொரு பையன். இருபது முடிகிறது, அதற்கு மேல் இந்த லீக்கில் ஆட முடியாது. ஆகவே அவனுக்கும் அதுதான் கடைசி ஆட்டம். நவம்பருக்குப் பிறகு லைல் அவனை ஒரு நிமிஷம் ஆடவிட்டதில்லை. அவனுக்கு ஒரே வேலைதான். கோல்கீப்பர் தப்பு செய்தால் அவன் கூண்டுக்கு வருவதில்லை, பதிலுக்கு இன்னொருவன் வந்து உட்கார வேண்டும். அந்த இன்னொருவன் எப்போதும் ரைலன். நேரம் முடிந்ததும் நேராகப் பெஞ்சுக்கு வா, ரப்பர் வட்டு உன் காலடிக்கே வந்தாலும் தொடாதே என்பது லைலின் உத்தரவு. கோச்சாம் கோச்.

கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. கடிகாரத்தில் மீதி 5:10. மார்ஷ் ஹில் கோல்கீப்பர் எங்கள் பையன் காலில் மட்டையால் ஒன்று போட்டான். இரண்டு நிமிஷம். ரைலன் வந்தான்.

"பெருசு, இன்னிக்காவது என்னை இறக்குவாருன்னு நெனச்சேன்," என்றான்.

நான் கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்த வரவில்லை. யாரோ இன்னும் உள்ளே வந்து முடிக்காதது போல ஒரு கணம் தடுத்தது. பிறகு சாத்திக்கொண்டது.

மீதி 4:20. கூண்டின் கண்ணாடியில் ரைலனின் மூச்சு ஆவியாகப் படிந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு வட்டம். விரிந்தது... சுருங்கியது... விரிந்தது.

கையால் துடைத்தேன். மறுபடி வந்தது.

மீதி 3:40. டொக்... டொக். மட்டையைத் தரையில் தட்டும் சத்தம். ரைலனின் மட்டை அவன் மடியில் கிடந்தது.

"நீயா தட்டினே?"

"இல்லை. நீங்கதான்னு நெனச்சேன்."

மீதி 3:10. திறந்தேன். ரைலன் போனான். சொன்னபடியே, தலையைக் குனிந்துகொண்டு, நேராகப் பெஞ்சுக்கு.

கதவை இழுத்தேன். வரவில்லை.

ஒன்று... இரண்டு... என் முழங்கையை உரசிக்கொண்டு எதுவோ வெளியே போனது. அப்படியொரு குளிர். பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மீதி 3:04. விசில்.

கோல்கீப்பர் நீங்கலாகத் தளத்தில் ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர் என்றார் நடுவர். லைல் குதியோ குதியென்று குதித்தார். எண்ணிப்பார்த்தால் ஐந்துதான். ஆனால் நடுவர் அசையவில்லை. கூண்டுக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்ததைத் தான் பார்த்ததாகவும், பின்னால் வந்தவன் சட்டையில் நம்பர் 4 என்றும் சொன்னார்.

என் பக்கத்து மேஜையில் ஸ்கோர் எழுதுபவள் டொரீன். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன நம்பர் சொன்னீங்க?"

"நாலு."

மார்ஷ் ஹில்லில் நம்பர் 4 கிடையாது. பெஞ்சைப் பார்த்தேன். லைலின் கத்தல் நின்றிருந்தது. முகம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது.

அந்தத் தண்டனைக்கும் உட்கார வந்தது ரைலன்தான். இம்முறை கண்ணாடியில் ஒரே வட்டம். மீதி 1:31-இல் நாங்கள் கோல் போட்டோம். கதை முடிந்தது. ரைலன் கடைசிவரை ஆடவேயில்லை.

மாலை 4:52. கூண்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ரைலன் மூச்சிரைக்க வந்து நின்றான். மறந்து வைத்த மட்டையை எடுக்க வந்தானாம். வெளியே போய்ப் பார்த்தால் பஸ் இல்லை. குளிர் மைனஸ் முப்பத்தாறு டிகிரி.

என் முன்னாலேயே லைலுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில்.

"கோச், நான் ரைலன். என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"விளையாடாதடா. பஸ் கிளம்பறப்போ ஒவ்வொருத்தன் பேரா கூப்பிட்டேன். பின்னாடியிருந்து 'இருக்கேன்'னு நீதானே சொன்னே?"

நான் போனை வாங்கினேன்.

"லைல், பையன் என் பக்கத்துல நிக்கறான்."

 பஸ் ஓடும் இரைச்சல்...

டொக்... டொக்.

அழைப்பு துண்டானது. பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மார்ஷ் ஹில்லுக்கு நூற்றிருபது மைல். என் வண்டியில்தான் ரைலனைக் கொண்டுபோய் விட்டேன். வழியில் ஒரே கேள்விதான் கேட்டான். "நான் இல்லைன்னு ஒருத்தனுக்குக்கூடத் தெரியலையா, பெருசு?"  அந்த அணிமேல் எனக்கு அதுவரை இளக்காரம்தான் இருந்தது. அன்றைக்கு அருவருப்பாக இருந்தது.

லைல் அந்தப் பயணம் முழுக்க டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டே போனாராம். ஒரு தடவைகூடத் திரும்பவில்லையாம். மறுநாளே வேலையை விட்டார்.

ஒரு வாரம் கழித்து டொரீன் வாயைத் திறந்தாள்.

"எண்பத்தாறுல டேல் கார்விக்னு ஒரு பையன். இதே மார்ஷ் ஹில். நம்பர் 4. கோல்கீப்பருக்காகக் கூண்டுல உக்காரவே அவனை வச்சிருந்தானுங்க. மட்டையை எடுக்கத் திரும்பி வந்தான், பஸ் போயிடுச்சு. அது பின்னாடியே நடந்திருக்கான். மறுநாள் பனி தள்ளப்போன என் வீட்டுக்காரர்தான் ரோட்டோரத்துல விறைச்சுச் செத்துக் கெடந்தவனைப் பாத்தார்."

"பஸ்ல பேர் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க. வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னு ஒருத்தன் அவன் குரல்ல 'இருக்கேன்'னு சொல்லிட்டான். சின்னப் பசங்க விளையாட்டுன்னு மூடி மறைச்சுட்டாங்க."

"யாரு அவன்?"

"அந்த வருஷத்துக் கோல்கீப்பர்," என்றாள். "லைல் ஸ்டாட்னிக்."